இரவு உறைந்ததா?

ஏப்ரல் மாதம். இரவு இரண்டு மணி இருக்கும். மணாலிக்கு மேலே, துண்டியைத் தாண்டி பியாஸ் குண்ட் போகும் வழியில், பக்கர்தாச் புல்வெளியில் கூடாரம் போட்டிருந்தோம். புல்வெளி என்பது பெயரளவில்தான். எங்கும் முழங்கால் உயரத்துக்குப் பனி. எங்களோடு வந்த வழிகாட்டி எழுந்து வெளியே போனார். டார்ச் அடிக்கவில்லை. முதலில் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, குனிந்து பனியை முஷ்டியால் ஒரு குத்து குத்தினார். சொத்தென்று மணிக்கட்டு வரை கை உள்ளே போயிற்று. திரும்பி வந்து, "இன்று மேலே போகவில்லை, தூங்குங்கள்" என்று சொல்லிப் படுத்துவிட்டார்.

கூடாரத்தில் தொங்கிய வெப்பமானி 1 டிகிரி காட்டியது. முந்தைய இரவும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் முந்தைய இரவு பனி கருங்கல் மாதிரி இருந்தது. நடந்தால் பூட்ஸுக்கு அடியில் கரகரவென்று சத்தம் வந்தது. இரண்டு இரவுகளுக்கும் வானம்தான் வித்தியாசம். அன்று நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. இன்று மேகம் மூடியிருந்தது.

வசந்த காலத்தில் பனிமலையில் ஏறலாமா கூடாதா என்ற கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். சுவிட்சர்லாந்தில் டாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் முகட்டில் 1936-ல் பனி ஆய்வு தொடங்கியது. இந்தியாவில் 1969-ல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் பாதுகாப்புத் துறையின் கீழ் உருவானது. இன்று அது சண்டிகரிலுள்ள பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளின் அறிவையும் படித்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது: வசந்த காலத்தில் மதிப்பிட வேண்டியது பெரும்பாலும் பகலை அல்ல, அதற்கு முந்தைய இரவை. அந்த விதி எங்கெல்லாம் பொய்க்கும் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். பாதி விதியைத் தெரிந்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் ஒரு சொல் சிக்கல். நம் மொழியில் மார்கழி அதிகாலைப் புல் நுனியில் நிற்பதும் பனி, மூடுபனியும் பனி, இமயத்தில் ஆளுயரம் கொட்டுவதும் பனி. அதேபோல மலையிலிருந்து வெள்ளையாக எது விழுந்தாலும் செய்தித்தாள்களில் அது பனிச்சரிவு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் காவல் நிலையின் மேல் விழுந்து 19-வது மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பத்துப் பேரைப் புதைத்தது, சுமார் 19,600 அடி உயரத்தில் பெயர்ந்து விழுந்த பனிக்கட்டிச் சுவர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் பிப்ரவரி 11 அன்று இறந்துபோனார். பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். 2014 ஏப்ரல் 18 காலையில் எவரெஸ்ட்டின் கும்பு பனியருவியில் 16 பேரைக் கொன்றதும் இதேபோல் மேலே தொங்கிய பனிக்கட்டிப் பாறைதான். பனிக்கட்டி தன் எடை தாளாமல் உடையும்போது நேற்றிரவு மேகமா நட்சத்திரமா என்று பார்ப்பதில்லை. அதற்கு அடியில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது ஒன்றே வழி. இந்தக் கட்டுரை பேசுவது அதைப் பற்றியல்ல. வானத்திலிருந்து விழுந்து அடுக்கடுக்காகப் படிந்த பனி சரிவதைப் பற்றி.

அதிலும் குளிர்காலப் பனிச்சரிவு வேறு, வசந்தகாலப் பனிச்சரிவு வேறு. குளிர்காலத்தில் பெரும்பாலும் உலர்ந்த பனி, பலகை பலகையாக உடைந்து வழுக்கும். அடியில் நலிந்த அடுக்கு ஒன்று இருக்கும், மேலே கெட்டியான பலகை இருக்கும், நாம் போய் எடையை வைப்போம். வசந்தத்தில் எடை வைக்க ஆள் தேவையில்லை. தண்ணீரே அந்த வேலையைச் செய்துவிடும்.

கடற்கரையில் மணல்வீடு கட்டிய எல்லோருக்கும் இதன் பாதி தெரியும். காய்ந்த மணல் நிற்காது. கொஞ்சம் ஈரம் பட்டால் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுவர் நிற்கும். அலை வந்து நனைத்தால் மொத்தமாகக் குழைந்து உட்காரும். பனியும் அப்படித்தான். துகள்களுக்கு நடுவே சிறிதளவு நீர் இருக்கும்வரை கட்டு விடாது. அளவு கூடினால் துகளுக்குத் துகள் இருந்த உறைந்த இணைப்பு கரைந்துவிடும். மிட்டரர், ஷ்வைட்சர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, பனிப்படிவின் சராசரி நீர்ப்பங்கு கன அளவில் 3 சதவீதத்தை நெருங்கும் நாட்களில்தான் ஈரப் பனிச்சரிவுகள் தொடங்குகின்றன என்று காட்டியது. மூன்று சதவீதம் என்பது கையால் உணரக்கூடிய அளவு. ஒரு பிடி பனியை அள்ளி அழுத்தினால் கையுறை நனைகிறது, ஆனால் இன்னும் சொட்டவில்லை. அந்தக் கட்டத்திலேயே ஆபத்து வாசலில் நிற்கிறது.

ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து ஏறத்தாழ 80 டிகிரி வரை சூடாக்கிவிடும். அந்த நீர் மறுபடி உறைய வேண்டுமானால் இரவு முழுக்க அத்தனை வெப்பமும் வெளியேற வேண்டும். வெளியேறும் வழி வானம். பனியின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை இரவெல்லாம் மேல்நோக்கி வீசிக்கொண்டே இருக்கிறது. வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் இருந்தால் அது போனது போனதுதான். காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தாலும் பனியின் தோல் உறைந்துவிடும். மேகம் இருந்தால் அதே வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், போர்வை போர்த்தியதுபோல. எங்கள் கூடாரத்து வெப்பமானி இரண்டு இரவும் ஒரே எண்ணைக் காட்டியதன் காரணம் அதுதான். அது காற்றை அளந்தது, பனியை அளக்கவில்லை. மலைக்குப் போகும் நம் ஆட்கள் கைபேசியில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மேக அளவையும் ஈரப்பதத்தையும் பார்க்காத வெப்பநிலை இந்தக் கேள்விக்குப் பாதி விடைகூட இல்லை.

நல்ல இரவாகவே இருந்தாலும் ஒரு மீட்டர் ஈரப் பனி முழுவதையும் ஓர் இரவு உறைய வைக்க முடியாது. மேலே ஐந்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் வரை ஓடு கட்டும்; அடியில் ஈரம் அப்படியே கிடக்கும். காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடை தடித்திருந்தால் கரண்டியைத் தாங்கும், மெலிந்திருந்தால் கிழியும். அதனால் "உறைந்ததா" என்பதோடு "எவ்வளவு தடிப்பாக" என்பதையும் கேட்டாக வேண்டும். ஸ்கீ மட்டைகளைக் கழற்றிவிட்டு வெறும் பூட்ஸோடு ஓட்டின் மேல் நின்று பார்ப்பது பழைய சோதனை. தாங்கினால் காலை நேரம் உங்களுடையது. கணுக்காலைத் தாண்டி உள்ளே போனால் அந்தச் சரிவையும், அதன் அடிவாரத்தையும் விட்டு விலக வேண்டும். அடிவாரத்தை மறந்துவிடுகிறவர்கள் பலர்.

பல நாள் உருகி, பல இரவு உறைந்த பனியின் துகள்கள் பெருத்து உருண்டு ஜவ்வரிசி மாதிரி ஆகிவிடும். காலை வெயிலில் அதன் மேல் மூன்று நான்கு சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் ஓடு கெட்டியாக இருக்கும் அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் பின்னிரவு மூன்று மணிக்கே விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, அதன் பின் மேற்கு. சூரியனுக்குச் சற்று முன்னால் போய், சற்று முன்னால் இறங்கிவிட வேண்டும். சரிவிலிருந்து சிறு பனி உருண்டைகள் தாமாக உருண்டு, மாவு உருண்டையில் மாவு ஒட்டுவதுபோல் பெருத்துக்கொண்டே கீழே வருவதைப் பார்த்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மிக ஆபத்தானது உருகலின் நடுப்பகுதி அல்ல, தொடக்கம். முதன்முறையாக நீர் இறங்கும்போது குளிர்கால அடுக்குகள் அப்படியே இருக்கின்றன. இறங்கும் நீர் எங்காவது ஒரு பழைய பனிக்கட்டி ஓட்டின் மேல், அல்லது துகள் அளவு மாறும் எல்லையில் தேங்குகிறது. தேங்கிய இடம் வழுக்கும் பரப்பாகிறது. சில நாள் கழிந்தால் நீர் தனக்கென்று வாய்க்கால்களை வெட்டிக்கொண்டு தரைவரை வடிந்துவிடும். பனிப்படிவு முழுதும் ஒரே சீராகி, முன்னைவிட நிலைபெற்றுவிடும். ஆகவே மே மாத நடுவில் நன்கு பக்குவப்பட்ட பனியைவிட, மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும் முதல் வெப்ப அலையின் முதல் சில நாட்களுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். பழுப்புத் தூசி படிந்த பனி இதை விரைவுபடுத்தும். புதுப்பனி விழும் ஒளியில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அழுக்கேறிய ஈரப் பனி ஏறத்தாழ பாதியை உறிஞ்சிக்கொள்ளும். தார்ப் பாலைவனத் தூசி மேற்கு இமயத்தில் படியும் ஆண்டுகளில் கடிகாரம் முன்னால் ஓடும்.

இமயத்துக்கு ஆல்ப்ஸ் பாடநூலை அப்படியே எடுத்து வருவதில் ஒரு தவறு நடக்கிறது. அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். வடக்கு நோக்கிய சரிவில் வெயில் குறைவு, பனி காய்ந்தே இருக்கும் என்பது ஆல்ப்ஸ் விதி. ஆல்ப்ஸில் உள்ள இன்ஸ்ப்ரூக் நகரம் 47 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. மணாலி 32 டிகிரியில். ஏப்ரல் கடைசியில் உச்சிப் பொழுதில் இன்ஸ்ப்ரூக்கில் சூரியன் அடிவானத்திலிருந்து 56 டிகிரி உயரத்தில் நிற்கும். மணாலியில் 71 டிகிரி. 35 டிகிரி சாய்ந்த வடக்குச் சரிவின் மேல் அந்த வெயில் இன்ஸ்ப்ரூக்கில் 21 டிகிரிக் கோணத்தில் விழுகிறது. மணாலியில் 36 டிகிரி. அதாவது நம் வடக்குச் சரிவு ஆல்ப்ஸ் வடக்குச் சரிவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான நேரடி வெயிலை வாங்குகிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து வெயில் இன்னும் கூர்மையாகும். குளிர்கால அடுக்குகள் குலையாமல் கிடக்கும் ஒரு சரிவில் திடீரென்று அத்தனை வெயில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன "முதல் நீர்" விளக்கத்தோடு சேர்த்து யோசியுங்கள். பீர் பஞ்சால் மலைத்தொடரின் கனத்த, ஒப்பளவில் வெதுவெதுப்பான பனியும், லடாக்கின் மெலிந்த, கடுங்குளிர்ப் பனியும் ஒரே நாளில் இரு வேறு விதமாக நடந்துகொள்ளும்.

இனி, கடிகாரம் பொய்க்கும் இடங்கள்.

முதலாவது, ஆழத்தில் நலிந்த அடுக்கு. 2013 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோவில், லவ்லண்ட் கணவாய்க்கு அருகே ஷீப் கிரீக் என்ற இடத்தில் ஆறு பேர் புதைந்து ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் அறியாதவர்கள் அல்ல. அன்றைய எச்சரிக்கையைப் படித்திருந்தார்கள். ஆழத்தில் நலிந்த அடுக்கு இருக்கிறது என்று தெரியும். அந்தச் சரிவை விட்டு விலகி நிற்கத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். போகும் வழி அதன் கீழே இருந்தது. வடக்கு நோக்கிய அந்தச் சரிவில் தரையை ஒட்டிக் கிடந்த கல்லுப்புப் பரல் போன்ற துகள் அடுக்கு கீழிருந்தே தூண்டப்பட்டு, மேலே இருந்த மொத்தப் பனியும் பெயர்ந்து வந்தது. நாட்காட்டியில் வசந்தம், அந்தச் சரிவில் இன்னும் நட்டநடுக் குளிர்காலம். ஒரே மலையின் தெற்கு முகத்தில் ஜவ்வரிசியும் வடக்கு முகத்தில் கல்லுப்பும் ஒரே நாளில் இருக்க முடியும். எந்த முகத்தில் நிற்கிறோம் என்பதைச் சொல்லாமல் "இப்போதெல்லாம் வசந்தப் பனிதான்" என்று பொதுவாகப் பேசுவதை யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

இரண்டாவது, புதுப்பனி. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்துக்கு மேலே மானா கிராமத்தருகே எல்லைச் சாலை அமைப்பின் முகாம் மீது சரிவு விழுந்தது. 54 தொழிலாளர்கள் சிக்கினார்கள். 46 பேர் மீட்கப்பட்டார்கள், எட்டுப் பேர் இறந்தார்கள். நேரம் அதிகாலை. வசந்த விதிப்படி அது மிகப் பாதுகாப்பான பொழுது. ஆனால் இடைவிடாமல் பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது அதிகாலை, நண்பகல் எல்லாம் ஒன்றுதான். 2021 ஏப்ரல் 23 அன்று அதே சமோலி மாவட்டத்தின் சும்னாவில், நாள்கணக்கில் பெய்த பனிக்கும் மழைக்கும் பிறகு, மாலையில் இன்னொரு முகாம் புதைந்தது. பனி கொட்டும்போதும், கொட்டி நின்றபின் முதல் வெயில் அடிக்கும்போதும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, தரையோடு வழுக்கும் சரிவு. வழவழப்பான பாறைமேல், நீண்டு படுத்த புல்மேல் கிடக்கும் பனியின் அடியில் நீர் சேர்ந்தால் மொத்தப் படிவும் மெல்ல நகர ஆரம்பிக்கும். மேலே வாய் பிளந்ததுபோல் விரிசல் தெரியும். அது இன்றும் விழலாம், அடுத்த வாரமும் விழலாம், நள்ளிரவிலும் விழலாம். அதன் கீழே உட்கார்ந்து சாப்பிடக்கூடாது, அவ்வளவுதான். முகட்டு விளிம்பில் தாழ்வாரம்போல் வெளியே நீண்டு தொங்கும் பனிக்கும் இதுவே பொருந்தும்.

பனியில் குழி வெட்டிப் பார்க்கும் சோதனைகள் வசந்தத்தில் எவ்வளவு உதவும்? உலர்ந்த பனியில் ஒரு தூணை வெட்டி, அதன் தலையில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டி எந்தத் தட்டில் உடைகிறது என்று எண்ணுவார்கள். நலிந்த அடுக்கு இருந்தால் தூண் பளிச்சென்று இழுப்பறை மாதிரி நழுவி வரும். ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. ஈரப் பனியில் அதே தூண் வெறுமனே நசுங்கும். காலையில் வெட்டிய குழி மதியத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. குழி வெட்டுவதில் ஒரு பயன் உண்டு: வெவ்வேறு ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் படிவு மேலிருந்து கீழ்வரை பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று தெரியும். வந்திருந்தால், இனி மேலே விழும் வெப்பமெல்லாம் நேராக நீராகத்தான் மாறும்.

மலை, தவறு செய்தவனுக்கு அதை உடனே சொல்லிக் காட்டுவதில்லை. இயன் மெக்கமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004-ல் எழுதினார். பழகிய இடம், முன்னால் சென்ற தடம், கூட்டத்தில் ஒருவரை நிபுணர் என்று நம்பிவிடுவது, போட்ட திட்டத்தை விட மனம் வராதது என்று மனித மனம் எடுக்கும் குறுக்கு வழிகளை அவர் பட்டியலிட்டார். பயிற்சி பெற்றவர்களும் பழகிய சரிவில் விழிப்பைத் தளர்த்தியிருந்தார்கள். பக்கர்தாச்சில் நாங்கள் ஏறாத அன்று அந்தச் சரிவில் எதுவுமே இறங்கவில்லை. மதியம் வரை கூடாரத்து வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்களில் ஒருவர் வழிகாட்டியிடம், "பாருங்கள், ஒன்றும் ஆகவில்லையே" என்று குறைப்பட்டார். அவர் பதில் சொல்லாமல் டீ போட்டுக் கொடுத்தார். மறுநாள் இரவும் அதேபோல் எழுந்து, அதேபோல் முஷ்டியால் குத்தினார். அவர் பொறுமையைப் பற்றி இன்றும் நினைத்துக்கொள்கிறேன். நூறு முறை சரியாக முடிவெடுத்தவருக்கும் நூறு முறை தப்பித்தவருக்கும் வெளியே தெரியும் அனுபவம் ஒன்றேதான்.

புதைந்தால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதைந்தவரைத் தேட உதவும், 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்சீவர், பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். முழுவதும் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குப் பின் செங்குத்தாகச் சரிகிறது. ஈரப் பனி நின்ற மறுகணம் கான்கிரீட் கலவைபோல் இறுகும். தோண்டவே கூடுதல் நேரம் பிடிக்கும். வசந்தத்தில் கருவியை நம்பி ஏறுவது மிக மோசமான கணக்கு.

எச்சரிக்கை அறிக்கைகளின் நிலை என்ன? ஐரோப்பா 1993-ல் ஐந்து படி ஆபத்து அளவுகோலை ஏற்றது. ஆல்ப்ஸ் வட்டாரங்களான திரோல், தெற்குத் திரோல், திரென்தினோ மூன்றும் சேர்ந்து 2018 டிசம்பரிலிருந்து வெளியிடும் அறிக்கையில், தேவைப்படும் நாட்களில் காலைக்கு ஒரு வரைபடம், மதியத்துக்கு ஒரு வரைபடம் என்று இரண்டு இருக்கும். ஒரே சரிவு காலையில் இரண்டாம் படி, மதியம் மூன்றாம் படி. வசந்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. மானாவில் விபத்துக்கு முந்தைய மாலையே சண்டிகரிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது: மாவட்டங்களின் பெயர், 2,400 மீட்டருக்கு மேல், 24 மணி நேரத்துக்கு. அறிவியல் தன் வேலையைச் செய்திருந்தது. ஆனால் ஒரு மாவட்டம் அளவுக்கு விரிந்த எச்சரிக்கையை ஒரு முகாமின் மேற்பார்வையாளர் எந்தச் சரிவுக்கு, எந்த மணிக்கு என்று பிரித்துக்கொள்வார்? ஸ்கீ பழகியவர்களுக்காக வளர்ந்த இந்த அறிவு, நம் நாட்டில் சாலை வெட்டும் தொழிலாளிக்கும், காவல் நிற்கும் சிப்பாய்க்கும், கோடை விடுமுறையில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பனி பார்க்கப் போகும் குடும்பத்துக்கும் போய்ச் சேர வேண்டும். அவர்கள்தான் இங்கே பனிக்கு அடியில் நிற்கிறார்கள்.

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில், பதினைந்தாவது மைலில், நண்பகல் வாக்கில் சரிவு இறங்கி ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அனுமதிச் சீட்டு பதின்மூன்றாவது மைல் வரைதான். அந்தச் சீட்டில் எல்லை மைலில் எழுதப்பட்டிருந்தது. ஏப்ரல் மலைக்கு அது மணியிலும் எழுதப்பட வேண்டும். சோதனைச் சாவடியில் ஒரு கரும்பலகை போதும். நேற்றிரவு வானம் எப்படி இருந்தது, விடியற்காலை ஐந்து மணிக்குப் பனியில் ஊன்றிய கம்பு எவ்வளவு இறங்கியது, மேலே போகிறவர்கள் எத்தனை மணிக்குள் இந்தச் சாவடியைத் திரும்பக் கடந்துவிட வேண்டும் என்று சாக்பீஸால் எழுத வேண்டியது மூன்றே வரி. எழுதுவதற்கு அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், முஷ்டியால் பனியைக் குத்திப் பார்க்கத் தெரிந்தவர்கள், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இருக்கிறார்கள்.